தொல்லை எனப்பட்ட குரங்கும் குறிப்பேடு ஏந்திய மாணவரும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள தாசேக் கெலுகோர் என்னும் ஊரின் மலாய்ப் பெயரில் ‘தாசேக்’ என்பது ஏரியையும் ‘கெலுகோர்’ என்பது ஒரு காட்டு மரத்தையும் குறிக்கும். நம் சமையலறைக் குடம்புளியின் இனத்தைச் சேர்ந்த அந்த மரத்தின் காயை மெல்லிய வில்லைகளாக அரிந்து, வெயிலில் உலர்த்தி, மீன் குழம்புக்குப் புளிப்பேற்றுவது மலேசியாவில் எல்லா இனத்தாருக்கும் பழகிய வழக்கமாகும். ஊர்ப்பெயரில் மரம் நிலைத்துவிட்டது; ஆனால் மரம் நின்ற காடு பின்வாங்கிவிட்டது. பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களும், அவற்றின் பின் ரப்பர்த் தோட்டங்களும், அவற்றின் பின் செம்பனைத் தோட்டங்களும் பரவின. அத்தோட்டங்களில் உழைத்தவர்களுள் பெரும்பங்கினர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். காடு தோட்டமாகவும், தோட்டம் வீடமைப்புப் பகுதியாகவும் மாற மாற, மரத்தில் வாழ்ந்த குரங்கு கூரைக்கும் குப்பைத் தொட்டிக்கும் இறங்கி வந்தது. இன்று வட செபராங் பிறையின் சிற்றூர்களில் குரங்கு என்ற சொல்லோடு முதலில் ஒட்டிக்கொண்டு வருவது ‘தொல்லை’ என்னும் சொல்லே.

அந்தச் சொல் சரியா தவறா என்பதைக் கோபமோ இரக்கமோ தீர்மானிக்க முடியாது. பார்த்து எண்ணிப் பதிந்த குறிப்புகளே தீர்மானிக்க முடியும். காட்டுக் குரங்குகளை அவற்றின் இருப்பிடத்திலேயே சென்று ஆராயும் மாணவர் களப்பயணம் கற்பிக்கும் முதற்பாடமும் இதுவே. மழைக்காட்டுக் குரங்காய்வு என்றதும் ஆப்பிரிக்கக் காடுகளையும் அமேசானையும் நினைப்பவர்கள் பலர். எனினும் பட்டர்வொர்த் சென்று ஃபெரியிலோ, 1985இல் திறக்கப்பட்ட பாலம் வழியாகவோ தீவுக்குக் கடக்கும் மாணவர், நண்பகலுக்கு முன்பே உலகளவில் ஆய்வாளர் கவனிக்கும் குரங்குகளின் எதிரில் நிற்க இயலும்.

மூன்று குரங்குகள், மூன்று வாழ்க்கைகள்

குரங்கு, முசு, ஊகம் என மூன்றைத் தனித்தனியே பெயர் சுட்டி, அவற்றின் பெண்ணுக்கு மந்தி என்னும் பெயரை உரிமையாக்கியது தொல்காப்பிய மரபியல். களத்தில் இறங்கும் மாணவருக்கும் இந்த வேறுபாட்டறிவே முதல் தேவை. ஏனெனில், பினாங்கிலும் அதை அடுத்த வடமேற்குத் தீபகற்பத்திலும் காணப்படும் குரங்குகள் ஒரே மரத்தில் அமர்ந்தாலும் ஒரே வாழ்க்கையை வாழ்வதில்லை.

முதலாவது, மலாயில் ‘கேரா’ எனப்படும் நீண்டவால் குரங்கு. கடற்கரை, ஆற்றோரம், சதுப்புக்காடு, கோயில் வளாகம் என எங்கும் பிழைக்கக் கற்ற இது பழம், பூச்சி, நண்டு என்று கிடைப்பதையெல்லாம் உண்ணும். அவசரத்தில் கிடைத்ததைக் கன்னத்தின் உட்பக்கத்திலுள்ள பைகளில் அடக்கிக்கொண்டு, பாதுகாப்பான கிளைக்குப் போய் மென்று, விதையைத் துப்பிவிடும். இவ்வாறு துப்பப்படும் விதைகள் தாய்மரத்தின் நிழலுக்கு அப்பால் முளைப்பதால் இக்குரங்கு காட்டுக்கு விதைப்பவனாகவும் அமைகிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்வோர் அருகிலுள்ள தாவரவியல் பூங்காவில் காண்பது இந்த இனத்தைத்தான். எங்கும் காணப்படுவதால் இதற்கு ஆபத்தில்லை என்று எண்ணத் தோன்றும். ஆனால் 2022இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழியும் ஆபத்துக்குள்ளான இனங்களின் வரிசையில் சேர்த்தது.

இரண்டாவது, ‘பெரூக்’ எனப்படும் பன்றிவால் குரங்கு. குட்டையாக வளைந்த வாலும் கனத்த உடலும் கொண்ட இது பெரும்பாலும் தரையில் நடந்தே இடம்பெயரும். தென்னை மரமேறித் தேங்காய் பறிக்கப் பழக்கப்படுவது இந்த இனமே. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய ஈ. ஜே. எச். கார்னர், மனிதர் ஏற முடியாத உயரத்து மரக்கிளைகளிலிருந்து பூவும் காயும் கொய்துதர 1930களின் இறுதியில் பெரூக் குரங்குகளைப் பழக்கிப் பயன்படுத்தினார் என்பது தாவரவியல் வரலாற்றில் இடம்பெற்ற செய்தி.

மூன்றாவது, ‘லோத்தோங்’ எனப்படும் முசு வகை. இவற்றுள் பினாங்குத் தீவில் எளிதில் காணக்கூடியது, கண்களைச் சுற்றி வெண்வளையம் அமைந்து மூக்குக்கண்ணாடி அணிந்தாற்போன்ற தோற்றமுடைய சாம்பல்நிற முசு. இதன் குட்டி பிறக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருந்து, சில மாதங்களில் தாயின் சாம்பல் நிறத்துக்கு மாறும்; தாயல்லாத பிற மந்திகளும் குட்டியை வாங்கிச் சுமப்பது இவ்வினத்தின் இயல்பு. முசுவின் முதன்மை உணவு இலை. மாட்டின் வயிற்றைப்போல் பல அறைகளாகப் பிரிந்த இரைப்பையில் நுண்ணுயிரிகள் இலையைப் புளிக்கவைத்துச் சத்தைப் பிரித்துத் தருகின்றன. சர்க்கரை மிகுந்த கனிந்த பழமோ ரொட்டியோ அந்த அறைக்குள் சென்றால் புளிப்பு அளவுமீறி அமிலமாகி உயிருக்கே கேடு விளையக்கூடும். ஆகவே, வாழைப்பழத்தை நீட்டுவது முசுவுக்கு அன்பு காட்டுவதாகாது.

காடு இருக்கும் இடம்

பினாங்குத் தீவின் வடமேற்கு முனையில், முன்னர் பந்தாய் ஆச்சே வனக்காப்பகமாக இருந்த பகுதி 2003இல் பினாங்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குன்றுச்சரிவுக் காடு கடற்கரை வரை இறங்கி நிற்கும் இப்பூங்காவில் முசுவை மரவுச்சியிலும் கேராவைக் கடலோரத்திலும் ஒரே நாளில் காண வாய்ப்புண்டு. 1969இல் தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இப்பூங்காவின் கரையோரத்தில் கடல்சார் ஆய்வு நிலையம் ஒன்றை நடத்துகிறது. அப்பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் தீவிலுள்ள மற்றொரு கெலுகோரில் அமைந்திருப்பது பெயர்ப் பொருத்தம். கொடிமலை, தாவரவியல் பூங்கா, தேசியப் பூங்கா ஆகியவற்றை உள்ளடக்கிய 12,481 ஹெக்டேர் பரப்பை 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ ‘பினாங்கு கொடிமலை உயிர்க்கோளக் காப்பகம்’ என அங்கீகரித்தது. உயிர்க்கோளக் காப்பகம் என்பது மனிதரை வெளியேற்றி வேலியிடும் ஏற்பாடன்று. நடுவே காக்கப்படும் காடும், சுற்றிலும் ஆய்வுக்கும் கல்விக்கும் உரிய வளையமும், அதற்கப்பால் மக்கள் வாழும் பகுதியுமாக அமையும் ஏற்பாடு.

தீவுக்குக் கடக்க இயலாத பள்ளிகளுக்கு வட செபராங் பிறையிலேயே ஆயர் ஹித்தாம் டாலாம் கல்விக் காடு உள்ளது. நன்னீர்ச் சதுப்புக்காட்டின் எஞ்சிய துண்டான அது பறவை நோக்குவோரிடையே பெயர்பெற்றது. தொலைநோக்கியைப் பிடிக்கவும், அசையாமல் நிற்கவும், கண்டதைக் கண்டவுடன் எழுதவும் பழகுவதற்கு அத்தகைய சிறு காடே போதுமானது.

பார்ப்பதற்கும் நோக்குவதற்கும் இடையே

பினாங்கில் பொழுது விடிய ஏறத்தாழ ஏழு மணியாகிவிடும். குரங்குக் கூட்டம் உறங்கிய மரத்தை விட்டு அகல்வதற்கு முன் அங்கே சேர வேண்டியிருப்பதால் களப்பணி இருளிலேயே தொடங்குகிறது. தொலைநோக்கி, கடிகாரம், இடங்காட்டிக் கருவி, மழையில் நனையாத உறையிட்ட குறிப்பேடு, பென்சில் ஆகியன போதிய கருவிகள். மை கரையும், பென்சில் கரையாது என்பதால் இன்றும் பென்சிலுக்கே முதலிடம்.

காட்டுக் குரங்கு மனிதரைக் கண்டதும் எச்சரிக்கை ஒலி எழுப்பி ஓடும். ஓடும் குரங்கைக் கொண்டு ஓட்டத்தைப் பற்றியன்றி வேறெதையும் அறிய முடியாது. எனவே ஆய்வாளர் பல மாதங்கள் நாள்தோறும் அதே கூட்டத்தின் பின்னே, தீங்கு செய்யாமலும் உணவு தராமலும் நடந்து, தம் இருப்பைக் குரங்குகள் பொருட்படுத்தாத நிலையை உண்டாக்குகின்றனர். இதற்குப் பழக்கப்படுத்தல் என்று பெயர். நட்பு கொள்வது இதன் நோக்கமன்று. ஒரு மரத்தையோ பாறையையோ போல ஆய்வாளரும் கவனிக்கத் தேவையற்றவராகிவிட வேண்டும் என்பதே நோக்கம். சில நாள்களே தங்கும் மாணவர்கள், ஏற்கனவே பழக்கப்பட்ட கூட்டங்களிடம் அழைத்துச் செல்லப்படுவதும் இக்காரணம் பற்றியே.

அடுத்த தேவை நடத்தைப் பட்டியல். உண்ணல், நகர்தல், ஓய்வு, பேன் பார்த்தல், விளையாட்டு, சண்டை எனக் குரங்கின் செயல்களை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஐயமற்ற வரையறை எழுதிவைப்பது அப்பட்டியலாகும். ‘குரங்கு கோபமாக இருந்தது’ என்று எழுதுவதற்கு அதில் இடமில்லை. ‘வாயைத் திறந்து, புருவத்தை உயர்த்தி, எதிரியை உற்று நோக்கியது’ என்று எழுத வேண்டும். கேராவும் பெரூக்கும் பல்லை முழுவதும் காட்டுவது பெரும்பாலும் அச்சத்தின் அல்லது பணிவின் அடையாளம். அதைச் சிரிப்பு என்று எழுதிய மாணவர் குரங்கின் இடத்தில் தம்மை வைத்துப் பார்த்தவராகிறார்.

எந்த விலங்கை எப்போது நோக்குவது என்பதிலும் விதி உண்டு. கென்யாவின் அம்போசெலிப் பகுதியில் பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் 1974இல் வெளியிட்ட கட்டுரை இவ்விதிகளை ஒழுங்குபடுத்தியது. இன்றளவும் களமாணவர் கற்கும் அடிப்படை அதுவே. கண்ணைக் கவரும் செயலை மட்டும் எழுதினால் ஏட்டில் சண்டை நிறைந்திருக்கும், ஓய்வு மறைந்துபோகும் என்பது அவர் சுட்டிய குறை. அதைத் தவிர்க்க இரண்டு முறைகள் பெரிதும் பயன்படுகின்றன. ஒரு குரங்கை முன்கூட்டியே தேர்ந்து, குறித்த நேரம் முழுவதும் அது செய்வதனைத்தையும் எழுதுவது ஒன்று. குறித்த இடைவெளிகளில் கண்ணில் படும் குரங்குகள் அனைத்தும் அந்தக் கணத்தில் என்ன செய்கின்றன என்று நோட்டமிட்டுப் பதிவது மற்றொன்று. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நோட்டமிடும் மாணவர் எட்டு மணி நேரத்தில் 48 முறை பதிவார். ஒவ்வொரு முறையும் பத்துக் குரங்குகள் தென்பட்டால் 480 பதிவுகள் சேரும். அவற்றுள் 240 ஓய்வெனில் கூட்டம் பகலில் பாதியை ஓய்வில் கழித்தது எனக் கணக்கிடலாம். ஆனால் இலைச்செறிவில் அசையாமல் படுத்திருக்கும் குரங்கு கண்ணுக்குத் தப்பும் என்பதால் உண்மையான ஓய்வு அதனினும் கூடுதலாக இருக்கக்கூடும். கணக்கைப் போடுவதோடு நில்லாமல், அக்கணக்கு எங்கே பிழைபடும் என்று கேட்கப் பழகுவதே களப்பயணத்தின் மெய்யான பயன்.

எண்கள் தீர்ப்பைத் திருத்திய கதை

இத்தகைய சலிப்பூட்டும் பதிவுகளுக்கு ஊர்மக்கள் வாழ்வில் என்ன பயன் என்ற வினாவுக்கு மலேசியாவிலேயே தெளிவான விடை கிடைத்திருக்கிறது. பேராக் மாநிலத்தின் செகாரி மெலிந்தாங் வனக்காப்பகம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டியது. அங்கு வாழும் பெரூக் கூட்டங்கள் தோட்டத்துக்குள் புகுந்து செம்பனைப் பழத்தைத் தின்பதால் அவை பயிருக்குப் பகை எனவே கருதப்பட்டுவந்தன. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் நதீன் ரூப்பர்ட், ஜெர்மனியின் லைப்சிக் நகரைச் சார்ந்த அன்னா ஹோல்ஸ்னர் ஆகியோர் அடங்கிய ஆய்வுக்குழு அக்கூட்டங்களைப் பின்தொடர்ந்து, அவை தோட்டத்தில் எதை எவ்வளவு உண்கின்றன என்று அளந்தது.

2019இல் வெளியான அம்முடிவுகள் எதிர்பார்ப்பைப் புரட்டின. குரங்குகள் தின்ற பழம் மொத்த விளைச்சலில் 0.56 விழுக்காடு மட்டுமே; எலிகளாலோ ஏறத்தாழ 10 விழுக்காடு இழப்பு நேர்கிறது. பனைமட்டைகளின் அடிப்பகுதியைப் பிரித்து, பகலில் அங்கே பதுங்கியிருக்கும் எலிகளைக் குரங்குகள் பிடித்துத் தின்றதையும் ஆய்வாளர்கள் கண்டனர். ஒரு கூட்டம் ஓராண்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளை உண்கிறது என்று கணக்கிட்டனர். குரங்குகள் தொடர்ந்து வருகைதரும் இடத்தில் எலிகளின் எண்ணிக்கை 75 விழுக்காடு வரை குறையக்கூடும் என்றும், குரங்கும் எலியும் சேர்ந்து விளைவிக்கும் இழப்பு 3 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். திருடன் என்று விரட்டப்பட்டது, சிறு கூலி பெற்றுக்கொண்டு பெருங்காவல் செய்தது என்பது பதிவேடுகளால்தான் வெளிப்பட்டது.

அதே களத்தின் நீண்டகாலப் பதிவுகள் மறுபக்கத்தையும் காட்டின. 2014 முதல் 2023 வரை அங்கே பழக்கப்பட்ட இரு கூட்டங்களில் பிறந்த குட்டிகளுள் 57 விழுக்காடு ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. தோட்டத்துக்கு அடிக்கடி கொண்டு செல்லப்பட்ட குட்டிகளுக்குச் சாவு நேரும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. கொன்றுண்ணும் விலங்குகளோடும் மனிதரோடும் நேரும் மோதல்களுடன், தோட்டத்தில் தெளிக்கப்படும் நச்சு மருந்துகளையும் காரணமாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஒரு நாள் பார்த்தவருக்குத் தோட்டம் குரங்கின் விருந்துக்களமாகத் தோன்றும்; ஒன்பது ஆண்டுகள் எண்ணியவர்களுக்கே அது குட்டிகளின் இடுகாடாகவும் தெரியவந்தது.

தீயணைப்புக் குழாயில் ஒரு பாலம்

பினாங்கின் சொந்த எடுத்துக்காட்டு தெலுக் பஹாங் சாலையில் தொங்குகிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளரான யாப் ஜோ லீன் 2016இல் தொடங்கிய பினாங்கு முசுத் திட்டம், பொதுமக்களையும் மாணவர்களையும் குடிமக்கள் அறிவியலாளராகப் பயிற்றுவித்து முசுக்களைக் கவனித்துவருகிறது. குடிமக்கள் அறிவியல் என்பது பட்டம் பெறாதவரும் வகுத்த முறைப்படி தரவு திரட்டி ஆய்வில் பங்கேற்பதாகும். முசுக்கள் எங்கே சாலையைக் கடக்கின்றன, எங்கே வண்டியில் அடிபடுகின்றன என்ற பதிவுகள் சேர்ந்தபோது, மரவுச்சிகள் சாலையால் துண்டிக்கப்பட்ட இடம் தெளிவாயிற்று. 2019இல் அங்கே பயன்பாடு முடிந்த தீயணைப்புக் குழாய்களைப் பின்னி ஒரு மரவுச்சிப் பாலம் அமைக்கப்பட்டது. அங்கே வாழும் முசுக் கூட்டத்தின் தலைமைக் கடுவனுக்கு ஆய்வாளர் இட்ட பெயரால் அது ‘ஆ லாய் கடவை’ எனப்படுகிறது. தானியங்கி நிழற்படக் கருவிகள் அதன்மேல் அணிலும் முசுவும் கேராவும் கடப்பதைப் பதிவுசெய்தன. தமிழ்நாட்டில் வால்பாறையை அடுத்த புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க இத்தகைய பாலங்கள் கட்டப்பட்டிருப்பதை அறிந்தவர்களுக்கு, தேயிலைத் தோட்டமும் கடலோரச் சாலையும் குரங்கின் கண்ணுக்கு ஒரே இடைவெளிதான் என்பது விளங்கும்.

களத்தின் ஒழுங்கு

குரங்கும் மனிதரும் நெருங்கிய உறவினர் ஆதலால் நோய்கள் இருபுறமும் கடக்கின்றன. கேரா, பெரூக் ஆகியவற்றின் இரத்தத்தில் வாழும் ‘நோலெசி’ என்னும் மலேரியா ஒட்டுண்ணி, காட்டுக் கொசுவின் வழியே மனிதரைத் தாக்குகிறது. இயற்கையாக அத்தொற்று மனிதருக்கு ஏற்பட்டது முதன்முதலில் 1965இல் பகாங் காட்டில் பணிசெய்த அமெரிக்கர் ஒருவரிடம் அறியப்பட்டது. பல்பீர் சிங் குழுவினர் சரவாக்கின் காப்பிட்டில் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, அது அரிதான விபத்தன்று, பரவலான நோய் என்று நிறுவியது. எனவே முழுக்கைச் சட்டை, கொசுவிரட்டி, அட்டை ஏறாத நீள் காலுறை ஆகியன களமாணவருக்குக் கட்டாயம். பயணத்துக்குப் பின் காய்ச்சல் கண்டால் காட்டுக்குச் சென்றதை மருத்துவரிடம் சொல்வதும் கட்டாயம். சளியும் இருமலும் உள்ள மாணவர் அன்று காட்டுக்குள் போகாதிருப்பது குரங்குகளுக்குச் செய்யும் பாதுகாப்பு.

இடைவெளி பத்து மீட்டருக்குக் குறையக்கூடாது. கேராவின் கண்ணை நேருக்கு நேர் உற்று நோக்குவது அறைகூவலாகக் கொள்ளப்படும். உரிய துறையின் அனுமதியின்றி ஆய்வு தொடங்கலாகாது. எல்லாவற்றிலும் முதன்மையானது உணவு தராமை. ஜப்பானின் கோஷிமா தீவில் ஆய்வாளர்கள் குரங்குகளை வெளியே வரவழைக்கக் கடற்கரையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கை வைத்தனர். 1953இல் ஒன்றரை வயதுப் பெண்குரங்கு ஒன்று அக்கிழங்கை நீரில் கழுவித் தின்னத் தொடங்க, அப்பழக்கம் கூட்டத்தில் பரவியது. விலங்குகளும் ஒன்றையொன்று பார்த்துக் கற்கும் என்று உலகுக்குக் காட்டிய நிகழ்வு அது. மனிதர் வைத்த ஒரு கிழங்கு ஒரு கூட்டத்தின் பழக்கத்தையே மாற்றும் என்பதற்கும் அதுவே சான்று. கோயில் வாசலிலும் பூங்காவிலும் நீட்டப்படும் ரொட்டித்துண்டும் அப்படியே வேலை செய்கிறது. கையிலிருந்து உணவு வரும் என்று கற்ற குரங்கு, அடுத்த நாள் கையில் உள்ள பையைப் பறிக்கிறது. பறித்த குரங்கைப் பற்றிப் புகார் எழுகிறது. புகாரின் முடிவில் குரங்கு பொறியில் சிக்குகிறது. தொல்லை எனப்படுவதில் ஒரு பங்கு மனிதர் கற்பித்த பாடமே.

ஆகவே குரங்கைப் பற்றிய தீர்ப்பை எழுதுவதற்கு முன் ஒரு நாளேனும் நோக்குவது நேர்மையான வழி. தாசேக் கெலுகோர் போன்ற வயலும் தோட்டமும் சூழ்ந்த ஊர்களின் பள்ளிகள் இதற்குப் பெருஞ்செலவு செய்ய வேண்டியதில்லை. பத்து நிமிட இடைவெளி வரையப்பட்ட ஒரு தாள், ஒரு பென்சில், பொறுமையுள்ள ஓர் ஆசிரியர் இருந்தால் போதும். காட்டுக்குச் செல்லும் மாணவர்கள் உணவுப் பொட்டலத்தைப் பேருந்திலேயே வைத்துவிட்டு, குறிப்பேட்டை மட்டும் கையில் எடுத்துச் செல்க.